கிரிப்டோ பவுண்டி: வேலையா, பொழுதுபோக்கா?

‘வீட்டில் இருந்தபடியே கிரிப்டோ பவுண்டி செய்து மாதம் இருபதாயிரம் சம்பாதிக்கலாம்’ என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். கீழே கமெண்டில் இன்னொருவர் ‘அதெல்லாம் சுத்த ஃபிராடு’ என்கிறார். மூன்றாமவர் சமாதானத்துக்கு வருகிறார்: ‘சும்மா இருக்கும் நேரத்தில் பண்ணினால் என்ன, கையிலிருந்து காசா போகுது?’

புதிதாக வரும் கிரிப்டோ, அதாவது இணையத்தில் மட்டுமே இருக்கும் பணம், சார்ந்த திட்டங்களுக்கு விளம்பர வேலை செய்து கூலி வாங்குவதுதான் பவுண்டி. மூவருக்கும் ஆளுக்கொரு அனுபவம் இருக்கலாம். ஆனால் பவுண்டியில் பணம் எங்கிருந்து வருகிறது, எப்படிப் பிரிகிறது, யார் கைக்கு எப்போது சேர்கிறது என்பதை மூவருமே சொல்லவில்லை. அது தெரிந்தால் வேலையா, பொழுதுபோக்கா என்ற கேள்விக்குப் பாதி விடை தானாகவே வந்துவிடும். அதைத்தான் இங்கே விளக்கப்போகிறேன். கிரிப்டோ பற்றி முன்பே ஏதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## பிரியாணிக் கடைக் கூப்பன்

கடைத்தெருவில் ஒருவர் புதிதாகப் பிரியாணிக் கடை போடப்போகிறார். இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அண்டா இன்னும் வாங்கவில்லை. நோட்டீஸ் அடித்ததோடு கையிருப்பு தீர்ந்துவிட்டது. தெருப் பையன்களைக் கூப்பிட்டுச் சொல்கிறார்:

“தம்பிகளா, நோட்டீஸ் கொடுங்க, போஸ்டர் ஒட்டுங்க, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைங்க. இப்போ காசா தர முடியாது. கடைப் பேர்ல ஒரு லட்சம் கூப்பன் அடிக்கப்போறேன். அதுல ஆயிரத்தை உங்களுக்குன்னு ஒதுக்கிட்டேன். கடை திறந்ததும் அவங்கவங்க பார்த்த வேலைக்குத் தக்கபடி பிரிச்சுக்கலாம்.”

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கூப்பன் அடிக்க அவருக்கு ஆகும் செலவு காகிதச் செலவு மட்டுமே. பையன்களுக்கான கூப்பன் ஆயிரம் என்பது முடிவாகிவிட்டது, ஆனால் எத்தனை பையன்கள் என்பது முடிவாகவில்லை. பத்துப் பேர் வந்தால் ஆளுக்கு நூறு. செய்தி பரவி இருநூறு பேர் வந்துவிட்டால் ஆளுக்கு ஐந்து. ஒரு கூப்பனுக்கு எத்தனை பிளேட் என்றும் அதில் அச்சடிக்கவில்லை.

கடை திறக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். பையன்களுக்கு வேண்டியது பிரியாணி இல்லை, காசு. கடை வாசலிலேயே நின்று கூப்பனை விற்கப் பார்ப்பார்கள். இருநூறு பேரும் ஒரே நேரத்தில் விற்றால் கூப்பன் விலை என்ன ஆகும்? அதுவும் கடை திறந்தால்தான். திறக்காவிட்டால், முன்பணம் கொடுத்துக் கூப்பன் வாங்கியவர்கள் சண்டை போட்டாவது பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாம். வெயிலில் நோட்டீஸ் கொடுத்த பையன்கள் எதைத் திரும்பக் கேட்பார்கள்?

பெயர்களை மாற்றிவிட்டால் இதுதான் கிரிப்டோ பவுண்டி. கடை என்பது புதிய கிரிப்டோ திட்டம். கூப்பன் என்பது அதன் டோக்கன். நோட்டீஸ் கொடுக்கும் பையன்களுக்கு ‘பவுண்டி ஹண்டர்’ என்று பெயர்.

## டோக்கனைக் கூலியாகக் கொடுக்கும் பழக்கம் எப்படி வந்தது

பலருடைய கணினிகளில் ஒரே மாதிரி வைக்கப்பட்டிருக்கும் பொதுக் கணக்குப் பதிவேட்டுக்கு பிளாக்செயின் என்று பெயர். அதில் ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றக்கூடிய அலகுதான் டோக்கன். ஒரு திட்டம் தன் வேலையை முடிக்கும் முன்பே டோக்கனைப் பொதுமக்களுக்கு விற்றுப் பணம் திரட்டுவதை ஐசிஓ என்பார்கள்.

இன்று பெரிய பெயராக இருக்கும் எத்தீரியம் என்ற பிளாக்செயினும் இப்படித்தான் தொடங்கியது. 2014இல் ஜூலை முதல் செப்டம்பர் வரை டோக்கன் விற்று 1.8 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 2015 இறுதியில் இஆர்சி-20 என்ற பொது விதிமுறை முன்மொழியப்பட்டது. அதற்குப் பிறகு எத்தீரியத்தின் மேல் சொந்தமாக ஒரு டோக்கன் உருவாக்குவது, கொஞ்சம் புரோகிராமிங் தெரிந்தவர் ஒரு மதியத்தில் முடிக்கக்கூடிய வேலையாகிவிட்டது. 2017இல் ஐசிஓக்கள் வரிசைகட்டி வந்தன.

திட்டங்கள் ஏராளம், ஆனால் விளம்பரத்துக்குக் காசு இல்லை. சில மாதங்களில் காசு இருந்தவர்களுக்கும் வழி அடைபட்டது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் கிரிப்டோ விளம்பரங்களுக்குத் தடை போட்டது. மார்ச்சில் ட்விட்டரும் (இன்றைய எக்ஸ்), ஜூன் முதல் கூகுளும் அதே பாதையில் போயின. இந்தத் தடைகள் பின்னாளில் தளர்ந்தன என்றாலும், அந்தக் காலத்தில் சாதாரண ஆட்களின் கணக்குகளே விளம்பரப் பலகையாக மாறியதற்கு இவையும் ஒரு காரணம்.

இதன் மையம் பிட்காயின்டாக் என்ற விவாதத் தளம். முதல் கிரிப்டோ பணமான பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ 2009இல் தொடங்கியது அது. தொழில்நுட்பம் பேச வந்த இடத்தில் பவுண்டிக்கென்றே தனிப் பகுதி முளைத்து, நிரம்பி வழிந்தது. இன்று அதே ஆட்டம் ஸீலி, கேலக்ஸி போன்ற தளங்களில் ‘குவெஸ்ட்’ என்ற பெயரில் நடக்கிறது. புள்ளி, லெவல், பேட்ஜ் என்று அலங்காரம் கூடியிருக்கிறது. அடியில் இருக்கும் கணக்கு மாறவில்லை.

## என்ன வேலை, யார் கணக்கு வைப்பது

வேலைகள் பெரும்பாலும் நான்கைந்து வகைதான். ட்விட்டரில் ரீட்வீட் செய்வது. கட்டுரை எழுதுவது அல்லது வீடியோ போடுவது. திட்ட அறிக்கையைத் தன் மொழியில் பெயர்த்துக் கொடுப்பது. டெலிகிராம் குழுவில் சேர்ந்து பேச்சு குறையாமல் பார்த்துக்கொள்வது. அப்புறம் சிக்னேச்சர். விவாதத் தளத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே தானாக ஒட்டிக்கொள்ளும் விளம்பர வரிதான் சிக்னேச்சர்.

சிக்னேச்சரில் கூலி உங்கள் கணக்கின் தகுதிநிலையைப் பொறுத்தது. பிட்காயின்டாக்கில் ஜூனியர் மெம்பர் தொடங்கி லெஜண்டரி வரை படிகள் உண்டு. மேல்படியில் இருப்பவருக்கு அதே வேலைக்குப் பல மடங்கு கிடைக்கும். வாரத்துக்கு இத்தனை பதிவு எழுத வேண்டும் என்று கணக்கும் உண்டு. விளைவை ஊகிக்கலாம். ‘நல்ல திட்டம், வளரும் என நம்புகிறேன்’ என்ற ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி எழுதும் ஆயிரக்கணக்கான பதிவுகள். இதைத் தாங்க முடியாமல் 2018 ஜனவரியில் அந்தத் தளம் ‘மெரிட்’ முறையைக் கொண்டுவந்தது. பதிவின் எண்ணிக்கை மட்டும் போதாது, மற்றவர்கள் உங்கள் பதிவை மதித்துப் புள்ளி கொடுத்தால்தான் மேல்படிக்கு ஏறலாம் என்று ஆயிற்று.

இவற்றையெல்லாம் மேய்ப்பவர் பவுண்டி மேனேஜர். திட்டத்தின் ஊழியராக இல்லாமல், இதையே தொழிலாகச் செய்யும் வெளியாளாகத்தான் பெரும்பாலும் இருப்பார். அவருடைய ஆயுதம் ஒரு கூகுள் ஷீட். திறந்து பார்த்தால் வரிசை எண், பெயர், கணக்கின் இணைப்பு, தகுதிநிலை, டோக்கன் வந்து சேரும் கணக்கான வாலட்டின் 42 எழுத்து நீள முகவரி, அதன் பிறகு வாரம் 1, வாரம் 2 என்று கட்டங்கள் ஓடும். உங்கள் வரிசையில் 5, 5, 5, 0, 5 என்று இருக்கும். அந்த 0 நீங்கள் ஊருக்குப் போய்விட்டு, செய்த வேலையைப் பட்டியலிடும் ரிப்போர்ட்டைப் போட மறந்த வாரம். நடுநடுவே சில வரிசைகள் சிவப்பாக இருக்கும்: காப்பி அடித்தவர், ஒரே ஆள் பத்துக் கணக்கில் வந்தவர், நாள் கடந்து ரிப்போர்ட் போட்டவர். சிவப்பான வரிசைக்கு மேல்முறையீடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மேனேஜருக்கு ஒரு மெசேஜ் போடலாம், அவ்வளவுதான்.

கட்டத்தில் இருக்கும் அந்த 5 என்பது ரூபாயும் இல்லை, டோக்கனும் இல்லை. அதன் பெயர் ஸ்டேக், அதாவது செய்த வேலைக்கான மதிப்பெண். (‘ஸ்டேக்கிங்’ என்று வேறெங்காவது கேள்விப்பட்டிருந்தால் மறந்துவிடுங்கள், அது வேறு விஷயம்.) பவுண்டியைப் பற்றிய குழப்பத்தில் பாதி இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

## ஸ்டேக் கணக்கு

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 கோடி டோக்கன். அதில் 1 சதவீதம், அதாவது ஒரு கோடி, பவுண்டிக்கு. அதில் ட்விட்டர் வேலைக்கு 20 சதவீதம். ஆக, ட்விட்டர்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்து 20 லட்சம் டோக்கன். ஐசிஓவில் ஒரு டோக்கனை 4 சென்ட்டுக்கு விற்கிறார்கள்.

வாரத்துக்கு 5 ஸ்டேக், பத்து வாரம், ஒரு வாரமும் தவறாமல் செய்கிறீர்கள். உங்களிடம் 50 ஸ்டேக்.

நீங்கள் சேர்ந்த முதல் வாரம் ஷீட்டில் 400 பேர் இருந்தார்கள். சராசரியாக ஆளுக்கு 40 ஸ்டேக் சேர்ப்பார்கள் என்று வைத்தால் மொத்தம் 16,000 ஸ்டேக். 20 லட்சத்தை அதால் வகுத்தால் ஒரு ஸ்டேக்குக்கு 125 டோக்கன். உங்கள் 50 ஸ்டேக்குக்கு 6,250 டோக்கன், அதாவது 250 டாலர். பத்து வாரத்துக்கு 250 டாலர் என்றால் பரவாயில்லையே என்று தோன்றும். ரீட்வீட் செய்யத் தொடங்குவீர்கள்.

பத்தாவது வாரம் ஷீட்டில் 4,000 பேர். மொத்த ஸ்டேக் 1,60,000. ஒரு ஸ்டேக்குக்கு இப்போது 12.5 டோக்கன். உங்களுக்கு 625 டோக்கன். ஐசிஓ விலையில் 25 டாலர்.

நீங்கள் ஒரு நாளும் குறைவாக வேலை செய்யவில்லை. யாரும் உங்களை ஏமாற்றவும் இல்லை. பானை ஒன்றே, கை மட்டும் பத்து மடங்காகிவிட்டது. கடைசி ஆள் சேரும்வரை உங்கள் கூலி எவ்வளவு என்று மேனேஜருக்கே தெரியாது. கூலி பேசி வேலைக்குப் போவதற்கும் இதற்கும் உள்ள முதல் வித்தியாசம் இது.

இன்னொன்று: ட்விட்டர் பவுண்டி செய்பவரின் ஃபாலோயர்கள் யார் என்று எட்டிப் பார்த்தால், பெரும்பாலும் மற்ற பவுண்டிக்காரர்களாக இருப்பார்கள். குறைந்தபட்ச ஃபாலோயர் எண்ணிக்கை வேண்டும் என்ற விதிக்காக ஒருவரையொருவர் பின்தொடர்ந்தவர்கள். நோட்டீஸ் கொடுக்க வந்த பையன்கள் தங்களுக்குள்ளேயே நோட்டீஸ் கொடுத்துக்கொள்வது போலத்தான். இந்த விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் டோக்கன் வாங்கினார் என்றால் அது தற்செயல்.

## விற்கும் நாளில் என்ன ஆகிறது

625 டோக்கன் வாலட்டுக்கு வந்துவிட்டது. அது பணமாக வேண்டுமானால் ஏதாவது ஒரு சந்தையில் அந்த டோக்கன் வாங்க விற்கக் கிடைக்க வேண்டும். டோக்கனைச் சந்தையில் சேர்ப்பதுதான் லிஸ்டிங். விலையைப் பெரிதாக அசைக்காமல் எவ்வளவு விற்க முடியும் என்பதற்கு லிக்விடிட்டி என்று பெயர். புதுத் திட்டங்களில் இது மிகக் குறைவு. வாங்க ஆளில்லாத சந்தையில் நூறு டாலருக்கு விற்றாலே விலை ஆட்டம் காணும்.

அந்த இடத்தில் 4,000 பவுண்டிக்காரர்கள் ஒரே நாளில் விற்க வருகிறார்கள். காசு போட்டு வாங்கியவருக்கு ‘4 சென்ட்டுக்குக் கீழே விற்றால் நஷ்டம்’ என்ற தயக்கம் இருக்கும். பவுண்டிக்காரர் காசு போடவில்லை, எந்த விலைக்கும் விற்பார். விலை அரை சென்ட்டுக்கு வந்தால் உங்கள் 625 டோக்கன் மூன்று டாலர்.

அதிலும் செலவு உண்டு. எத்தீரியத்தில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் கட்ட வேண்டிய தொகை கேஸ் கட்டணம். நெரிசல் கடுமையாக இருந்த 2021இல் ஒரு டோக்கனை இன்னொன்றாக மாற்ற ஐம்பது டாலருக்கு மேல் கேட்ட நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் மூன்று டாலர் டோக்கன் வாலட்டில் படம் பார்க்க மட்டுமே உதவும். (இப்போது கட்டணம் மலிவான வேறு பிளாக்செயின்கள் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.)

தினமும் அரை மணி நேரம் என்று வைத்தால் பத்து வாரத்துக்கு 35 மணி நேரம். மூன்று டாலரை வகுத்தால் மணிக்கு 9 சென்ட். நம் காசில் சுமார் எட்டு ரூபாய்.

லிஸ்டிங் வரைக்கும் போகாத திட்டங்களும் ஏராளம். ‘இந்தத் தொகையாவது திரளாவிட்டால் திட்டத்தைக் கைவிட்டு, காசு போட்டவர்களுக்குத் திருப்பித் தருவோம்’ என்று பல ஐசிஓக்கள் ஒரு அடிமட்டக் கோடு வைத்திருந்தன. அதற்கு சாஃப்ட் கேப் என்று பெயர். அது எட்டப்படாவிட்டால் முதலீட்டாளருக்குப் பணம் திரும்பும். பவுண்டிக்காரருக்கு எதுவும் இல்லை.

சரி, இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பிடித்தால்: உங்கள் பங்கு எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பங்கின் மதிப்பு டோக்கன் விலையைப் பொறுத்தது. டோக்கன் விலை, உங்களைப் போன்றவர்கள் எவ்வளவு வேகமாக விற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றில் ஒன்றுகூட உங்கள் கையில் இல்லை.

## எஸ்க்ரோ இருந்தால் பாதுகாப்பா?

‘இந்த பவுண்டியில் டோக்கன் எஸ்க்ரோவில் இருக்கிறது, பயமில்லை’ என்று விளம்பரம் வரும். இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாம் ஆளிடம் முன்கூட்டியே ஒப்படைத்து வைப்பது எஸ்க்ரோ. இது நல்ல ஏற்பாடுதான். திட்டக்காரர் சொன்ன எண்ணிக்கையில் டோக்கன் தராமல் ஓடிப்போகும் ஆபத்து இதில் குறைகிறது. ஆனால் எஸ்க்ரோ காப்பது எண்ணிக்கையை. மதிப்பை யாரும் ஒப்படைத்து வைக்க முடியாது. ஒரு கோடி டோக்கன் பத்திரமாக இருந்து, பத்திரமாகவே பூஜ்ஜியமாகலாம்.

மேனேஜர் தன் கட்டணத்தை எதில் வாங்குகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் பிட்காயின், எத்தீரியத்தின் சொந்த நாணயமான எத்தர் அல்லது ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்ட யுஎஸ்டிடியில், அதுவும் முன்பணமாக. அந்தத் திட்டத்தை அருகில் இருந்து பார்ப்பவர் அதன் டோக்கனைக் கூலியாக ஏற்கவில்லை என்றால், அது ஒரு தகவல். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் செய்வது வேலை. அதனால்தான் சம்பளமாகக் கேட்டு வாங்குகிறார்.

## நீங்கள் வேலைக்காரர் இல்லை, முதலீட்டாளர்

பவுண்டி செய்பவரை எந்தப் பெட்டியில் போடுவது? இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான பதில் அமெரிக்காவின் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசி 2018 ஆகஸ்டில் பிறப்பித்த ஓர் உத்தரவில் இருக்கிறது.

டோமஹாக் எக்ஸ்ப்ளரேஷன் என்ற சிறு நிறுவனம் கலிஃபோர்னியாவில் எண்ணெய் எடுக்கப்போவதாகச் சொல்லி ‘டோமஹாக்காயின்’ என்ற டோக்கனை 2017இல் விற்கப் பார்த்தது. விற்பனையில் காசு திரளவில்லை. ஆனால் பவுண்டி நடந்தது. வலைப்பதிவில் புகழ்ந்து எழுதினால், வீடியோ போட்டால், சந்தைகளில் லிஸ்டிங் கேட்டு விண்ணப்பித்தால் டோக்கன் என்று அறிவித்து, சுமார் 40 வாலட்களுக்கு 80,000க்கு மேல் டோக்கன் கொடுத்தது.

‘யாரிடமும் காசு வாங்கவில்லை, சும்மா கொடுத்த டோக்கன்தானே’ என்று நாம் நினைப்போம். எஸ்இசி அப்படிப் பார்க்கவில்லை. டோக்கன் வாங்கியவர்கள் பதிலுக்கு விளம்பர உழைப்பைக் கொடுத்தார்கள், நிறுவனத்துக்கு அதனால் பலன் உண்டு, ஆகவே இது பதிவு செய்யாமல் நடத்தப்பட்ட பங்குப்பத்திர விற்பனைதான் என்று முடிவு செய்தது. நிறுவனரைத் தவறே செய்யாதவர் போல விளம்பரத்தில் காட்டியிருந்தார்கள். உண்மையில் அவர் முன்பு இதே மாதிரி குற்றத்தில் தண்டனை பெற்றவர். 30,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

அதாவது, அந்த உத்தரவின்படி பவுண்டிக்காரர் டோக்கனை விலைக்கு வாங்கியிருக்கிறார். விலையை டாலரில் கொடுக்காமல் உழைப்பில் கொடுத்திருக்கிறார். வேலை என்றால் நஷ்ட அபாயம் முதலாளியுடையது. வியாபாரம் படுத்தாலும் வேலை பார்த்த மாதத்துக்குச் சம்பளம் கேட்கலாம், தராவிட்டால் தொழிலாளர் அலுவலகம் போகலாம். முதலீடு என்றால் அபாயம் போட்டவருடையது. பவுண்டியில் அபாயம் முழுக்க உங்கள் தலையில். அதனால்தான் அதைச் சம்பள வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

‘அப்படியானால் பொழுதுபோக்கு என்று வைத்துக்கொள்ளலாமே?’ என்றால், அதுவும் சரியாக உட்காரவில்லை. தனக்குத் தெரியாத ஒரு திட்டத்தைப் பற்றி, தன்னைக் கவனிக்காத ஆட்களிடம், தினமும் பத்து ரீட்வீட் செய்வதை இன்பமாகச் செய்பவரை நான் பார்த்ததில்லை. காசு வரும் என்ற எதிர்பார்ப்பை எடுத்துவிட்டால் ஒருவரும் செய்யமாட்டார்.

ஆகவே சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 35 மணி நேரம் ஆகும் என்று தோன்றுகிறதா? அந்த நேரத்தில் டியூஷன் எடுத்தோ, டைப் செய்து கொடுத்தோ உங்களால் மூவாயிரம் ரூபாய் சம்பாதிக்க முடியுமா? அப்படியானால், கையில் இருக்கும் மூவாயிரம் ரூபாயைக் கொடுத்து இந்த டோக்கனை வாங்குவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ‘ஐயோ, காசு கொடுத்தெல்லாம் வாங்கமாட்டேன்’ என்றால், உழைப்பைக் கொடுத்து மட்டும் ஏன் வாங்க வேண்டும்?

## பிட்காயினில் கூலி தருபவர்கள்

எல்லா பவுண்டியும் சொந்த டோக்கனில் கூலி தருவதில்லை. வாரத்துக்கு இவ்வளவு என்று பேசி, பிட்காயினிலோ யுஎஸ்டிடியிலோ வாராவாரம் கொடுக்கும் சிக்னேச்சர் வேலைகளும் உண்டு. ஆட்கள் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், நன்றாக எழுதுபவர்களைத்தான் எடுப்பார்கள். மேலே சொன்ன குறைகள் இங்கே பொருந்தாது. இது வேலைக்கு மிக அருகில் வருகிறது.

ஆனால் இங்கே வேறொரு கேள்வி எழுகிறது: கொடுப்பவர் யார்? பிட்காயின்டாக்கில் பல ஆண்டுகள் ஒழுங்காகக் கூலி கொடுத்து, எல்லாரும் இடம் கிடைக்காதா என்று ஏங்கிய சிக்னேச்சர் விளம்பரம் சிப்மிக்ஸருடையது. பலருடைய பிட்காயினைக் கலந்து கொடுத்து, எது யாரிடமிருந்து வந்தது என்று தெரியாமல் செய்யும் மிக்ஸர் சேவை அது. 2023 மார்ச்சில் ஜெர்மனி, அமெரிக்க அதிகாரிகள் அதை முடக்கி, சுமார் 4.4 கோடி யூரோ மதிப்புள்ள பிட்காயினைக் கைப்பற்றினார்கள். கணினிகளை முடக்கிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் கும்பல்களின் பணம் உட்படப் பெரும் தொகை அதன் வழியாக வெளுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. 2024 தொடக்கத்திலிருந்து மிக்ஸர் விளம்பரங்களுக்கு அந்தத் தளமே இடம் தருவதில்லை.

கூலி ஒழுங்காக வருவதும் கொடுப்பவர் ஒழுங்கானவராக இருப்பதும் ஒன்றல்ல. விளம்பரம் செய்ததற்கான பொறுப்பு பெரிய ஆட்களையும் எப்படித் தேடி வந்தது என்பதற்கு உதாரணங்கள் உண்டு. சென்ட்ரா டெக் ஐசிஓவை, காசு வாங்கியதைச் சொல்லாமல் புகழ்ந்ததற்காகக் குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதர் மீது 2018இல் எஸ்இசி நடவடிக்கை எடுத்தது. எத்தீரியம்மேக்ஸ் டோக்கன் பற்றி இன்ஸ்டாகிராமில் போட்ட ஒரு பதிவுக்காகத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் 2022இல் 12.6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார். அந்தப் பதிவுக்கு அவர் வாங்கியிருந்தது 2.5 லட்சம் டாலர். ரீட்வீட் செய்யும் கல்லூரி மாணவரைத் தேடி எஸ்இசி வரப்போவதில்லை. ஆனால் உங்கள் பதிவை நம்பி மாமா பையன் பத்தாயிரம் போட்டுவிட்டால், பொங்கலுக்கு அவரை நேரில் பார்த்தாக வேண்டும்.

## இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இரண்டு

‘பவுண்டியில் ஒருத்தனுக்கு லட்சக்கணக்கில் வந்ததாமே’ என்று சொல்லப்படும் கதைகளில் பல உண்மையில் பவுண்டி இல்லை.

ஒன்று ஏர்டிராப், அதாவது டோக்கனை இலவசமாகக் கொடுப்பது. 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்ற பரிமாற்றத் தளம், அம்மாதம் 1ஆம் தேதிக்கு முன் தன்னைப் பயன்படுத்திய ஒவ்வொரு வாலட்டுக்கும் 400 டோக்கன் கொடுத்தது. அன்றைய விலையில் ஆயிரம் டாலருக்கு மேல். அவர்கள் யாரும் ரீட்வீட் செய்து வாங்கவில்லை. தங்கள் தேவைக்காகத் தளத்தைப் பயன்படுத்தினார்கள், எதிர்பாராமல் வந்தது. அதைப் பார்த்து, வரப்போகும் ஏர்டிராப்பை எதிர்பார்த்து நூறு வாலட்டில் கணக்குக் காட்டுபவர்கள் வந்துவிட்டார்கள் என்பது தனிக் கதை.

மற்றொன்று பக் பவுண்டி. மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்து, திருடாமல் உரியவரிடம் சொன்னால் கிடைக்கும் பரிசு. வோர்ம்ஹோல் என்ற திட்டம் 2022இல் ஒரே ஓட்டைக்கு ஒரு கோடி டாலர் கொடுத்தது. பெயரில் பவுண்டி இருப்பதைத் தவிர நாம் பேசும் விஷயத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது கற்றுத் தேர வேண்டிய தொழில், முழுநேர வேலையாகவே செய்பவர்கள் இருக்கிறார்கள்.

## அப்படியும் செய்து பார்க்க ஆசை என்றால்

ரீட்வீட் பக்கம் போகாதீர்கள் என்பது என் கருத்து. அதில் கற்பதற்கு ஒன்றும் இல்லை. மொழிபெயர்ப்பு, கட்டுரை, வடிவமைப்பு போன்றவற்றில் ஆட்கள் குறைவு, பங்கும் பெரிது. டோக்கன் பூஜ்ஜியமானாலும் செய்த வேலை உங்கள் பெயரில் மிஞ்சும், வேறொருவரிடம் காட்டலாம். டெலிகிராம் குழுவை நன்றாகக் கவனித்துக்கொண்டவர்கள் சிலர் மாதச் சம்பளத்துக்குக் குழு மேலாளர்களாக எடுக்கப்பட்டிருக்கிறார்கள். பவுண்டியிலிருந்து வேலைக்குப் போகும் பாதை என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பக்கம்தான்.

வாலட்டை இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாலட்டைத் திறக்கும் 12 அல்லது 24 சொற்களுக்கு சீட் ஃபிரேஸ் என்று பெயர். அதை யார் கேட்டாலும், எந்தப் படிவம் கேட்டாலும், கொடுத்தால் வாலட் காலி. ‘டோக்கனைப் பெற முதலில் கொஞ்சம் எத்தர் அனுப்புங்கள்’ என்று வரும் மெசேஜ் திருட்டு. அதில் விதிவிலக்கு தேட வேண்டாம்.

இவற்றைவிட நுணுக்கமான தொல்லை கேஒய்சி, அதாவது ஆளை உறுதிசெய்ய அடையாள ஆவணம் கேட்பது. பத்து வாரம் வேலை வாங்கிவிட்டுக் கடைசியில் பாஸ்போர்ட்டையும் செல்ஃபியையும் அனுப்பச் சொல்லும் திட்டங்கள் உண்டு. ஒரே ஆள் பத்துக் கணக்கில் வருவதைத் தடுக்க என்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் முகவரியே தெரியாத குழுவிடம் ஆதாரும் பான் கார்டும் போகிறது. முதல் நாளே விதிகளில் கேஒய்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் விலகுவது நல்லது. பத்தாவது வாரம் விலகுவதற்கு மனசு வராது, அதுதான் அவர்கள் கணக்கு.

## வரி

இந்தியாவில் இருப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அந்த ஆண்டு ஜூலை முதல், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ்ஸும் பிடிக்கிறார்கள்.

பவுண்டியில் வந்தது இன்னும் சிக்கலானது. வேலைக்குப் பதிலாக வந்த டோக்கன், கைக்கு வந்த நாளின் சந்தை மதிப்பில் உங்கள் வருமானம் என்பதே வரி ஆலோசகர்கள் பொதுவாகச் சொல்வது. லிஸ்டிங் அன்று இருபதாயிரம் ரூபாய் மதிப்பு, மார்ச்சுக்குள் நானூறு ரூபாய் என்று ஆனால், இருபதாயிரமும் வருமானத்தில் சேரும், விழுந்த தொகையை எதிலும் கழிக்க முடியாது. தொகை சிறிதென்றால் வருமான வரம்புக்குள் அடங்கிவிடலாம். பெரிதென்றால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவு செய்யுங்கள்.

எதுவானாலும், டோக்கன் வாலட்டுக்கு வந்த தேதியையும் அன்றைய விலையையும் ஸ்கிரீன்ஷாட்டோடு குறித்து வையுங்கள். ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய உட்காரும்போது அந்தத் திட்டத்தின் இணையதளம் இருக்கும் என்று சொல்ல முடியாது.